அக்கா இன்னைக்கும் நார்மல்

அக்கா,

இன்றைக்குக் காலையில் நீங்கள் தீர்ந்துபோனீர்கள்.

மைனஸ் எண்பது ஃப்ரீசரைத் திறந்ததும் வழக்கம்போல வெள்ளைப் புகை என் காலடியில் வழிந்தது. குளிருக்கும் ஒரு வாசனை உண்டு என்று நீங்கள் சொல்வீர்கள். ரப்பரும் துருப்பிடித்த தகரமும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. அதை முகர்ந்துகொண்டே உங்கள் டப்பாவை உருவினேன். உள்ளே ஒரே ஒரு குழாய் இருந்தது. சுண்டு விரல் நீளம்கூட இல்லாத பிளாஸ்டிக் குழாய், அதன் அடியில் மஞ்சளாக உறைந்த கொஞ்சம் சீரம். எனக்குப் பின்னால் நின்ற புதுப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா தீந்துட்டாங்களாங்க மேடம்?"

அவளுக்கு நீங்கள் ஒரு மனுஷி என்பதே தெரியாது. லேபில் இருக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் போன வருஷம் வரைக்கும் தெரியாது. அவர்களுக்கு 'அக்கா' என்பது, காலையில் மெஷினைச் சரிபார்க்கப் போடும் சீரத்தின் பெயர். "அக்காவைப் போட்டாச்சுங்களா?" என்று ஒருத்தி கேட்பாள். "போட்டாச்சுங்க, அக்கா இன்னைக்கும் நார்மலுங்க" என்று இன்னொருத்தி பதில் சொல்வாள். நீங்கள் போன பிறகு இத்தனை வருஷமும் இதைக் கேட்டுக்கொண்டுதான் என் காலை டீயைக் குடித்தேன். முதலில் தொண்டையில் இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. எப்படிப் பழகியது என்று இன்றைக்கு யோசித்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

எப்படி ஆரம்பித்தது, ஞாபகம் இருக்கிறதா? இந்த ஜில்லாவில் நடுவயது தாண்டுவதற்குள் ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிறார்களே, ஏன் என்று பார்க்கும் ஆராய்ச்சி நம்முடையது. நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். வெறும் வயிற்றோடு இருப்பவர்களைத் தேடி விடிந்ததும் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்போம். இடுப்பை அளப்போம், பிரஷர் பார்ப்போம், பீடி உண்டா, சர்க்கரை உண்டா, வீட்டில் யாராவது சின்ன வயசில் போனார்களா என்று கேட்போம். எடுத்துவந்ததை மெஷினில் போடுவதற்கு முன் அந்த மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு ரத்தம் வேண்டும். கம்பெனி அனுப்பும் கண்ட்ரோல் என்றைக்கும் நேரத்துக்கு வந்து சேர்ந்ததில்லை. அப்போது யாரோ சொன்னார்கள், "நம்ம அக்கா இருக்கறாங்களே, கையை நீட்டச் சொல்லுங்க."

நீங்களும் நீட்டினீர்கள். மாதம் தவறாமல் நீட்டினீர்கள். உங்கள் ரத்தத்திலிருந்து தெளியும் சீரத்தைக் குட்டிக் குட்டிக் குழாய்களில் பிரித்து உறைய வைத்தோம். தினம் ஒன்றை எடுத்து உருக்கிப் போட்டால், அந்த எண்கள் வந்தால் மெஷின் சரி, வராவிட்டால் மெஷினில் கோளாறு. உங்கள் ரிப்போர்ட் பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கும் பிள்ளையின் ரிப்போர்ட் மாதிரி இருக்கும். கறி மீன் தொடுவதில்லை. சர்க்கரை போடாத காப்பி. தினமும் சிங்காநல்லூர்க் குளத்துக் கரையில் வேக நடை. கூட நடக்க வந்த என்னை மூச்சு வாங்கவிட்டு, "அம்மணி, உங்களை ஒரு ஆளு இடுப்புல தூக்கீட்டு வரோணும்போல இருக்குதே" என்று கேலி செய்வீர்கள். நோன்பு மாதத்தில் நான் வாய் உலர்ந்து வேலை செய்தால், "ஓசியா ஒரு ஃபாஸ்டிங் சாம்பிள் நடமாடீட்டிருக்குது பாருங்க" என்று ஊசியோடு வந்து நிற்பீர்கள். பொழுது சாய்ந்ததும் கோட்டைமேட்டில் என் வீட்டுக்கு வந்து, உங்களுக்கென்று கறி போடாமல் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறுவீர்கள்.

ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் நீங்கள் சொன்ன பதில் இப்போது என்னைத் தூங்க விடுவதில்லை. நம்முடைய படிவத்தை ஒருமுறை விளையாட்டாக உங்களிடமே கேட்டு நிரப்பினேன். வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு உண்டா என்றதும், நீங்கள் யோசிக்காமல் இல்லை என்றீர்கள். "உங்கம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்கன்னு சொன்னீங்களே?" என்று கேட்டேன்.

"அது நெஞ்சு நோவு இல்லீங்க அம்மணி. பொழுதோட வாய்க்கா வழியா வந்தவங்களைக் காத்துக் கருப்பு அடிச்சுப்போட்டுதுங்க. அப்படியே உக்காந்தவங்கதான், எந்திரிக்கலை. இன்னைக்கும் எங்கூர்ல பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் ஒருத்தரும் போறதில்ல."

நானும் அதை எழுதவில்லை. காற்று கருப்புக்கு நம் படிவத்தில் இடம் இல்லை.

மற்றவர்களிடம் நீங்கள் எவ்வளவு கறாராக இருப்பீர்கள்! மில் லைன் வீட்டில் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே "வாயுங்க, ஒரு சோடா குடிச்சாச் செரியாப் போயிருமுங்க" என்றார். நீங்கள் பிரஷர் பட்டையைச் சுருட்டி வைத்துவிட்டு, "வாயுன்னு பேரு வெச்சுட்டா அது போயிருமுங்களா? எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்று ஆட்டோவில் ஏற்றி நீங்களே கூடப் போனீர்கள். அவர் பிழைத்தார். அப்புறம் நீங்கள் அந்தத் தெருவுக்கு எப்போது போனாலும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வாசலில் நிற்பார். நாம் சேகரிக்கும் எண்களைப் பற்றி உங்களுக்குத் தெளிவும் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சொல்வீர்கள்: "எண்ணு கூட்டத்துக்குச் சொல்லும். ஒத்தை ஆளுக்கு என்ன வரும்னு சொல்லாது." இவ்வளவும் தெரிந்த நீங்கள், அக்கா, உங்கள் விஷயத்தில் ஏன் இப்படிச் செய்தீர்கள்? எனக்கு உங்கள் மேல் இன்னும் கோபம் தீரவில்லை.

அன்றைக்கு நான் உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கேம்பில் இருந்தேன். நீங்கள் லீவு போட்டு வீட்டில். காலையில் போன் வந்தது.

"அம்மணி, தாடையெல்லாம் கடுக்குதுங்க. முதுகும் இழுத்துப் புடிக்குது. வாயுன்னு நெனைக்கறேன். ஓமத் தண்ணி குடிச்சுப்போட்டு உக்காந்திருக்கறேன்."

நான் வராந்தாவில் நின்று கத்தினேன். கேம்புக்கு வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். "வாயுன்னு சொல்லாதீங்கக்கா, இப்பவே ஆட்டோ புடிச்சுப் போங்க." நீங்கள் சிரித்தீர்கள்.

"என்ர ரத்தத்தைத் தெனமும் பாக்கறவங்க நீங்க. எனக்கென்னுங்க வந்துறப் போகுது? குக்கர் எறங்கட்டும், போறேனுங்க."

உங்கள் மகளுக்குப் போன் போட்டேன். கல்லூரியில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. லேபுக்குச் சொல்லி ஆம்புலன்ஸ் அனுப்ப வைத்தேன். அவர்கள் போய்க் கதவைத் தட்டியபோது உள்ளே குக்கர் விசில் அடித்துக்கொண்டே இருந்ததாம். அணைக்க ஆள் இல்லை.

மறுநாள் அந்தக் காலையின் பிரிண்டை எடுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. நீங்கள் ஓமத் தண்ணியோடு உட்கார்ந்திருந்த அதே நேரத்தில் இங்கே உங்கள் குழாயை மெஷினில் போட்டிருக்கிறார்கள். சர்க்கரை நார்மல். கொழுப்பு நார்மல். எல்லாமே நார்மல்.

உங்களை எரித்தார்கள். பேரூரில் உங்கள் மகள் சாம்பலைக் கரைத்தாள். கரையேறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "தெனமும் நார்மல்னு சொன்னீங்களே சித்தி" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு பண்டிகைக்குப் பண்டிகை ஒரு போன், அவ்வளவுதான். கல்யாணமாகி உடுமலைப்பேட்டைக்குப் போய்விட்டாள். லேபுக்கு அவள் வரவே இல்லை.

ஆனால் நீங்கள் இங்கேதான் இருந்தீர்கள். உங்கள் குழாய்கள் அடுக்கடுக்காக இருந்தன. பெரிய டாக்டர், "இருக்கற வரைக்கும் ஓட்டுங்க, கண்ட்ரோலை மாத்துனா பழைய அளவோட ஒப்பிட முடியாது" என்றார். அவர் சொன்னது சரிதான். எங்கள் வழக்கத்தில் மண்ணில் வைத்து, மூன்று பிடி மண் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தால் அதோடு சரி. நெருப்பில் போட்டு, ஆற்றிலும் கரைத்த ஒருவரைக் காலை எட்டு மணிக்கு உள்ளங்கையில் வைத்து உருக்குவதற்கு என்ன துஆ ஓதுவது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. உறைந்த சீரம் என் கைச் சூட்டில் இளகி அசையும்போது, சில நாள் வராந்தாவில் உங்கள் செருப்புச் சத்தம் கேட்கும். வலது கால் லேசாக இழுபடும் அதே சத்தம். வாசல் வரைக்கும் வரும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். குழாயைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்கி, மெஷினில் வைத்துவிடுவேன்.

போன வருஷம் புதிதாக ஒரு கிட் வந்தது. பிறக்கும்போதே பெற்றவர்களிடமிருந்து வரும் ஒரு கொழுப்பை அளக்கும் கிட். எல்.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வோம். வழக்கமான கொழுப்புப் பரிசோதனையில் அது தனியாகத் தெரியாது. சாப்பாட்டுக்கும் நடைக்கும் அது அசைந்துகொடுக்காது. ஃப்ரீசரில் இருக்கும் எல்லா சாம்பிளையும் அதில் பார்க்க வேண்டும் என்று முடிவானது. எந்தப் புது கிட் வந்தாலும் முதலில் யாரைப் போடுவோம்? உங்களைத்தான் போட்டோம்.

அளவு எகிறிப் போய் நின்றது. அந்த மெஷினால் காட்டக்கூடிய எல்லையையே தாண்டிவிட்டது.

உங்கள் மேல் யாருக்கும் சந்தேகமே வரவில்லை, அக்கா. ஒருத்தருக்குக்கூட வரவில்லை. "கிட்டு கெட்டுப்போச்சுங்க, வர்ற வழியில வெயில் பட்டிருக்கும்" என்று பிள்ளைகள் சொன்னார்கள், நானும் தலையாட்டினேன். பார்சல் கட்டித் திருப்பி அனுப்பினோம். கம்பெனி வேறு கிட் அனுப்பியது. மறுபடி உங்களைப் போட்டோம், மறுபடி அதே கதை. மற்ற சாம்பிள்கள் எல்லாம் ஒழுங்காக வந்தன. பெரிய டாக்டர் வந்து பார்த்தார். "இன்னொரு டியூப் போடுங்க" என்றார். போட்டோம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார்.

"கிட்டுல ஒண்ணுமில்லீங்க. அக்காகிட்டதான் இருந்திருக்கு. பொறந்ததுல இருந்தே."

அந்த நிமிஷம் எனக்கு உங்கள் ஊர் வாய்க்கால் ஞாபகம் வந்தது. நான் ஒருமுறைகூடப் பார்த்திராத அந்த வாய்க்கால் கண் முன்னால் அப்படியே தெரிந்தது. பொழுது சாயும் நேரம், உங்கள் அம்மா நடந்து வருகிறார். ஊர் பயந்தது அந்த இடத்தைப் பார்த்து. அது இருந்ததோ அவர் ரத்தத்தில். அங்கிருந்து உங்களுக்கு வந்து, உங்களோடு குளத்துக் கரையெல்லாம் நடந்து, எங்கள் மெஷினுக்குள்ளும் தினமும் போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

"மகளுக்கும் இருக்கலாம். பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்றார் டாக்டர். அவளிடம் சொல்வதற்கு முறைப்படி கமிட்டியில் அனுமதி வாங்கினார். அப்புறம் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

உக்கடத்தில் பஸ் ஏறினேன். வழி முழுக்க என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். அவள் வீட்டு முன்னால் களத்தில் தேங்காய் குவிந்து கிடந்தது. கதவு திறப்பதற்கு முன்பே உள்ளே இருந்து, "ஏனுங், ஆருங்க அது? வாரேனுங்க" என்று உங்கள் குரல் வந்தது. அவள் வந்து என்னைப் பார்த்தாள். அப்புறம் இளநீர் சீவிக் கொண்டுவந்து கொடுத்து, நான் குடித்து முடிக்கும் வரை ஒன்றும் கேட்கவில்லை. உங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். வந்தவர்கள் தண்ணீர் குடித்து முடிக்காமல் எந்தக் கெட்ட சேதியையும் கேட்க மாட்டீர்கள்.

சொன்னேன். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை, கோணல் மாணலாகத்தான் சொன்னேன். அவள் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"எங்கம்மா இன்னும் அங்க இருக்கறாங்களாங்க சித்தி?"

"இருக்காங்க கண்ணு. கொஞ்சம்தான் மிச்சம்."

"நான் எல்லாத்தையும் பேரூர்ல கரைச்சுப்போட்டேன்னு நெனச்சேனுங்க." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்ப எங்கம்மிச்சியை வாய்க்கால்ல அடிச்சதும் இதுதானுங்களா?" என்றாள்.

அவள் பாட்டியின் ரத்தத்தை யாரும் பார்த்ததில்லை, இருக்கலாம் என்றேன். பரிசோதனைக்கு வா என்று கெஞ்சினேன். எதற்கு, தெரிந்து என்ன ஆகப்போகிறது, அம்மாவுக்குத் தெரியாததே நல்லதாகப் போயிற்று என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்கம்மாவும் இப்படித்தான் எனக்கென்ன வரப்போகுதுன்னு சொன்னாங்க. நான் இன்னொரு தடவை குக்கர் கதையைக் கேக்கறதுக்கு இங்க வரலை" என்று அவள் மாமியார் இருப்பதையும் பாராமல் சத்தம் போட்டேன். சத்தம் போட்ட பிறகு அழுதேன். அவள் அழவில்லை. பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்து, பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வாரேனுங்க சித்தி. அம்மாவைப் பாக்கோணும்" என்றாள்.

வந்தாள். ஃப்ரீசரைத் திறந்ததும் புகைக்குள் கையை விட்டாள், நான் பதறிப் பிடித்து இழுத்தேன். உங்கள் குழாய் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். விரல்களை மூடிக்கொண்டாள். பிள்ளைகள் எல்லாம் தூரத்தில் நின்று பார்த்தார்கள். திறந்தபோது சீரம் உருகி, குழாய்க்குள் லேசாக அசைந்தது. "சூடாயிட்டாங்க" என்றாள்.

அப்புறம் ரப்பர் பட்டையைக் கட்டி அவள் முழங்கையைத் தொட்டேன், அக்கா. எத்தனை வருஷம் உங்களுக்கு ஊசி போட்டவள் நான். மேலே தெரியும் நரம்பு உங்களுக்கு ஏமாற்றும். அதற்குக் கீழே, உள்பக்கமாகச் சாய்ந்து ஒளிந்திருக்கும் இன்னொன்றுதான் ரத்தம் தரும். என் விரல் அந்த இடத்துக்குத் தானாகப் போனது. அங்கேதான் இருந்தது. அதே சாய்வு. யாருடைய கையைப் பிடித்திருக்கிறேன் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஊசியை உள்ளே விட்டேன்.

உங்களையும் அவளையும் மெஷினில் பக்கத்துப் பக்கத்துக் குழியில் வைத்தோம். பிரிண்ட் வந்தது. இரண்டும் ஒரே மாதிரி.

"அப்படியே குடுத்துட்டுப் போயிருக்கறாங்க" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

டாக்டர் உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். இந்த வயதிலேயே ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு ஆரம்பித்திருந்தது. வாயு என்றுகூட அவளுக்கு இன்னும் தோன்றியிருக்கவில்லை, அதற்கு முன்பே பார்த்துவிட்டோம். அந்தக் கொழுப்பைக் குறைக்க முடியாவிட்டாலும், அதற்குத் துணை போகும் மற்றது எல்லாவற்றையும் குறைக்கலாம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். விடாமல் போடுகிறாள். அவள் பையனுக்கும் ஒரு நாள் பார்க்க வேண்டும். படிவத்திலும் மாற்றம் செய்திருக்கிறோம். இப்போது திடீர்ச் சாவு என்றால் பேய் அடித்தது, காற்று அடித்தது என்று எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டு ரத்தம் எடுக்கிறோம்.

நீங்கள் தீரப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் அவளே கேட்டாள். "அந்தக் கொழுப்பு எச்சா இருக்கற ரத்தம் ஒண்ணு மெஷினுக்கு வேணுமில்லீங்க? என்ரதை எடுத்துக்குங்க சித்தி. அம்மா செஞ்ச வேலைதானுங்களே." முடியாது என்றேன். பிடிவாதம், அப்படியே உங்களுடையது. போன மாதம் வந்து கொடுத்துவிட்டுப் போனாள். குழாய்களில் பிரித்து அடுக்கியாகிவிட்டது. என்ன பெயர் எழுதட்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நம்பர் மட்டும் போடுங்கள் என்றேன். உயிரோடு இருக்கும் பெண்ணின் பெயரை எழுதி அந்தக் குளிருக்குள் வைக்க எனக்கு மனசு வரவில்லை.

இன்றைக்கு உங்கள் கடைசிக் குழாய் மெஷினுக்குள் போனது. நாளைக்கு வேண்டியதை எடுத்து வைக்கலாம் என்று அவள் டப்பாவில் கை வைத்தேன். மூடியைத் திறக்க முடியவில்லை. இது இங்கே ஒழுங்காக இருக்கும். தினமும் அதே எண்ணைச் சொல்லும். அவள் எப்படி இருக்கிறாள் என்று இதற்கு என்ன தெரியும்? வராந்தாவுக்கு ஓடி வந்து அவளுக்குப் போன் போட்டேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து, நின்றுபோனது. மறுபடி போட்டேன். அந்த நேரத்தில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

"ஏனுங் சித்தி? பையனுக்குத் தலை தொவட்டீட்டிருந்தேனுங்க."

நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னுங்க, ஏதாச்சும் ரிசல்ட்டுங்களா?"

"இல்ல கண்ணு. மாத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க."

"இனிமே தெனமும் காலைல கூப்புடுவேன். எடுத்துப் பேசோணும்."

சிரித்தாள். "கூப்புடுங்க சித்தி. உசுரோட இருக்கறேன்னு சொல்றேன், வேறென்ன."

அதற்குப் பிறகுதான் உள்ளே போய் அந்த டப்பாவைத் திறந்தேன், அக்கா. நாளைக்கும் அப்படித்தான். பிள்ளைகள் மெஷினைப் போட்டுவிட்டுக் காத்திருக்கட்டும். அவள் குரலைக் கேட்காமல் நான் அந்த மூடியைத் தொட மாட்டேன்.